நெய், மீன், ரத்தம்: கருவி புதிது, அளவுகோல் யாருடையது?

திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு போக முடியாமல் போனவர்கள் அந்தக் கடனைத் திருவந்திபுரத்தில் தீர்த்துக்கொள்ளலாம் என்பது கடலூர்ப் பக்கத்து வழக்கம். முடி காணிக்கையும் அப்படித்தான், உண்டியல் காசும் அப்படித்தான். கெடிலத்தின் கரையில் தேவநாத சுவாமி, பக்கத்தில் ஔஷதகிரிக் குன்றின் மேல் ஹயக்ரீவர். ஆவணி முகூர்த்தம் என்றால் ஒரே காலையில் நூற்றுக்கும் மேல் கல்யாணம் நடக்கும் ஊர். 2024 செப்டம்பரில் திருப்பதி லட்டு நெய்யைப் பற்றிய சேதி வெடித்தபோது, இந்த ஊருக்கு அது வெளியூர்ச் சேதியாக இல்லை.

சேதிக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட அறிக்கை, குஜராத்தின் ஆனந்த் நகரில் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் நடத்தும் ஆய்வகத்திலிருந்து வந்தது. அதில் இருந்தவை 'எஸ் மதிப்பு' எனப்படும் ஐந்து எண்கள். தொலைக்காட்சி விவாதத்தில் அந்த ஐந்தும் மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, மீன் எண்ணெய் என்று மூன்று பெயர்களாகச் சுருங்கிவிட்டன. 2024 அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ., ஆந்திரக் காவல்துறை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் மூன்றிலிருந்தும் ஆட்களை எடுத்து ஐவர் விசாரணைக் குழுவை அமைத்தது. யார் எதைக் கலந்தார்கள் என்பது நீதிமன்றத்தின் வேலை. அந்த ஐந்து எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதைத்தான் யாரும் நின்று கேட்கவில்லை.

கொழுப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ட்ரைகிளிசரைடு. ஒரு கிளிசரால், அதில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலங்கள். அமிலத்தின் நீளம் மாறலாம், இரட்டைப் பிணைப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருபதே வகைக் கொழுப்பு அமிலங்களை வைத்துக்கொண்டு மூன்று இடங்களையும் நிரப்பினால் 8,000 விதமான ட்ரைகிளிசரைடுகள் கிடைக்கும். பால் கொழுப்பில் இருக்கும் அமில வகைகளோ இருபதைவிட மிக அதிகம். வாயு நிறப்பகுப்பு என்னும் கேஸ் குரோமட்டோகிராஃபி இந்தக் கூட்டத்தை 24 கார்பனிலிருந்து 54 கார்பன் வரை அளவு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. அந்தச் சதவீதங்களை ஐந்து சமன்பாடுகளில் போடுவார்கள். சுத்தமான பசும்பால் கொழுப்பு என்றால் விடை 100க்குப் பக்கத்தில் நிற்கும்படி அமைத்த சமன்பாடுகள் அவை. முதலாவதற்கு 95.68 முதல் 104.32 வரை அனுமதி. தேங்காய் எண்ணெய், பனங்கொட்டை எண்ணெய்க் கலப்பைப் பிடிக்கும் மூன்றாவதற்கு 99.42 முதல் 100.58 வரைதான். நான்காவது பாமாயிலையும் மாட்டுக் கொழுப்பையும் சேர்த்தே பார்க்கிறது. அது எல்லை மீறினால் இரண்டில் எது என்று அந்த எண் சொல்லாது. கலப்பு இருக்கலாம் என்பது வரைதான் அதன் வாக்கு.

ஐ.எஸ்.ஓ. 17678 என்ற அந்தத் தரநிலை தன் பலவீனத்தைத் தானே எழுதிவைத்திருக்கிறது. இது பசும்பாலுக்கு மட்டும். ஒரே ஒரு மாட்டின் பாலாக இருந்தால் எண் பிசகலாம். மாட்டுக்குப் பருத்தி, பனை, கடுகினம் போன்ற எண்ணெய்களை அதிகம் ஊட்டியிருந்தால் பிசகலாம். மாடு பட்டினியாகக் கிடந்திருந்தாலும் பிசகலாம். சில முறைகளில் பிரித்தெடுத்த கொழுப்புக்கு இது செல்லவே செல்லாது. ஆனந்த் அறிக்கையின் அடிக்குறிப்பிலும் இந்த எச்சரிக்கை இருந்தது. அடிக்குறிப்பை வாசித்துக் காட்டினால் விவாத மேடை களைகட்டாது, விட்டுவிட்டார்கள்.

அந்த எல்லைகள் ஜெர்மனியின் கீல் நகரில் டீட்ஸ் ப்ரெக்ட் 1990களின் தொடக்கத்தில் செய்த ஆய்வின் வழி வந்தவை. அங்கே மேய்ச்சல் வேறு, தீவனம் வேறு, மாட்டினம் வேறு. பசுவும் எருமையும் ஒரே கேனில் கலக்கும் நாடு நம்முடையது. பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் தின்று கறக்கும் மாடுகள் நம்முடையவை. கருவியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் கோல் எந்த ஊர்க் கோல் என்பதுதான் கேள்வி.

இந்தியச் சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. 1955ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளில் நெய்க்கு ஊருக்கு ஊர் வேறு அளவு இருந்தது. சௌராஷ்டிரத்தின் பருத்தி விளையும் பகுதிகளுக்குத் தனி எல்லை. பருத்திக்கொட்டை தின்ற மாட்டின் நெய்யில், பால் கொழுப்புக்கே உரிய குட்டைச் சங்கிலி அமிலங்களைக் காட்டும் ரைஹர்ட்-மைஸ்ல் எண் குறையும் என்று தெரிந்தே அப்படி எழுதினார்கள். இன்னொரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வனஸ்பதியில் 5 சதவீதமாவது நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்ற விதி. சுவைக்காக அல்ல. யாராவது அந்த வனஸ்பதியை நெய்யில் கலந்தால், அமிலமும் ஃபர்ஃபியூராலும் விட்டுக் குலுக்கும் 'போடுவான்' சோதனையில் நல்லெண்ணெய் சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். திருடனின் சட்டையில் முன்கூட்டியே சாயம் பூசிவைத்த புத்தி. ஒரு சோதனைக் குழாயும் இரண்டு பாட்டில் ரசாயனமும் போதும்.

கடலை விளையும் பூமிக்கும் இப்படி ஒன்று உண்டு. கடலூரிலிருந்து மேற்கே விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற பெயரில் நிலக்கடலை ரகங்களை வெளியிட்டு வருகிறது. செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் சுத்தமா என்று பார்க்க பெல்லியர் சோதனை இருக்கிறது. எண்ணெயைச் சோப்பாக்கி, அமிலமும் ஆல்கஹாலும் சேர்த்துக் குளிரவிட்டால், எந்த வெப்பநிலையில் கலங்குகிறது என்று பார்ப்பது. கடலெண்ணெய்க்கு அது 39 முதல் 41 டிகிரி. கடலையில் இருக்கும் நீளச் சங்கிலி அமிலங்கள்தான் முதலில் உறைந்து கலக்கம் காட்டுகின்றன. பாமாயிலோ பருத்தி எண்ணெயோ தாராளமாகச் சேர்ந்தால் கலங்கும் புள்ளி நகரும். கலப்படக்காரருக்கும் இந்தச் சோதனை தெரியும் என்பதால் இன்று அது மட்டும் போதாது, அது வேறு கதை.

கல்யாண வாணலி

முகூர்த்த நாளில் வடையும் அப்பளமும் பொரியும் எண்ணெய் காலையிலிருந்து மதியம் வரை அடுப்பைவிட்டு இறங்காது. மிச்சத்தை என்ன செய்கிறார்கள் என்பது ஊரறிந்தது. சூட்டில் ட்ரைகிளிசரைடு உடைந்து டைகிளிசரைடும் தனிக் கொழுப்பு அமிலமும் ஆகிறது, ஆக்சிஜன் ஏறுகிறது, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுக்கிறது. இந்தக் கழிவுகளுக்கு மின்முனைவு அதிகம் என்பதால் மொத்தமாக 'முனைவுள்ள சேர்மங்கள்' என்று கணக்கிடுகிறார்கள். அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. முறையான சோதனை என்றால் சிலிக்கா நிரப்பிய குழாயில் எண்ணெயை ஊற்றிப் பிரித்து எடைபோட வேண்டும், பாதி நாள் வேலை. கையில் பிடிக்கும் மீட்டரோ முனையைச் சூடான எண்ணெயில் விட்டதும் மின்காப்புத் தன்மை எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து எண்ணைக் காட்டிவிடும். கொழுப்புப் பகுப்பாய்வில் நடந்த முன்னேற்றங்களில் சாதாரண மனிதனுக்கு மிக அருகில் வந்தது இந்தச் சின்ன மீட்டர்தான் என்பேன். ஆனாலும் எண்ணெய்க்கு எண்ணெய் அதைச் சரிபார்த்து வைக்க வேண்டும். எந்த எண்ணெயை வைத்து அதற்கு அளவு பிடித்தார்களோ, அதைப் பொறுத்தே அதன் வாக்கு.

ஹாலிஃபாக்ஸ் மீனும் நம் மத்தியும்

கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து தெற்கே போனால் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்கே இருக்கிறது. மீனின் கொழுப்பை ஆராயும் எந்த மாணவரும் முதலில் கற்கும் முறை ப்ளை-டையர். மீன் சதையை அரைத்து, குளோரோஃபார்மும் மெத்தனாலும் விட்டு, தண்ணீர் சேர்த்தால் இரண்டு அடுக்காகப் பிரியும். அடியில் தங்கும் குளோரோஃபார்மில் கொழுப்பு இருக்கும்.

இந்த முறையைக் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் இ.ஜி. ப்ளையும் டபிள்யூ.ஜே. டையரும் 1959இல் வெளியிட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது காட் மீன். அதன் சதையில் கொழுப்பு ஏறத்தாழ ஒரே சதவீதம், முக்கால்வாசியும் சவ்வுக் கொழுப்பு. உறையவைத்த காட் ஏன் கெடுகிறது என்று பார்ப்பதற்காக, குறைந்த கரைப்பானில் சீக்கிரமாக முடிக்க ஒரு வழி தேடினார்கள், கிடைத்தது. அறிவியல் உலகில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்றாக அது ஆகிவிட்டது. காட் மீனுக்குத் தைத்த சட்டையை எல்லா மீனும் மாட்டிக்கொண்டன.

2001இல் அதே ஹாலிஃபாக்ஸிலிருந்து சாரா ஐவர்சனும் கூட்டாளிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள். கொழுப்பு 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ப்ளை-டையரும் ஃபோல்ச் என்ற பழைய பிரித்தெடுப்பு முறையும் ஒரே விடை தருகின்றன. அதற்கு மேலே போகப் போக ப்ளை-டையர் குறைத்துக் காட்டுகிறது. கொழுப்பு மிகுந்த மாதிரிகளில் பாதி வரை காணாமல் போகிறது. மத்தியும் கவலையும் கொழுப்பேறும் பருவத்தில் 2 சதவீதத்தை எங்கோ தாண்டிவிடும் மீன்கள். அந்தப் பருவத்தில் பிடித்த மத்தியைக் காட் மீனுக்கான கரைப்பான் அளவிலேயே பிழிந்தால், ஒமேகா-3 குறைவு என்று ஒரு ஆய்வேடு பிறந்துவிடும். மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எத்தனை கோடி விலையானாலும் குழாயில் வராத கொழுப்பை அது பார்க்காது.

பிழிந்தெடுக்கும் முறையும் நகர்ந்திருக்கிறது. குளோரோஃபார்ம் உடம்புக்கு ஆகாதது, புற்றுநோய் ஐயம் உள்ளது. தவிர, கொழுப்பு அடியில் தங்குவதால் நடுவில் மிதக்கும் புரதத் தட்டைக் குத்திக்கொண்டுதான் பிப்பெட் இறங்க வேண்டும். 2008இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மத்யாஷ் குழுவினர் எம்.டி.பி.இ. என்ற ஈதரைக் கொண்டுவந்தார்கள். இது தண்ணீரைவிட லேசு என்பதால் கொழுப்பு மேலே வந்து நிற்கும், புரதம் அடியில் உட்கார்ந்துவிடும். மேலிருந்து உறிஞ்சினால் போதும் என்பதால் இயந்திரக் கையே நூறு மாதிரிகளைச் செய்துவிட முடிகிறது. பிளாஸ்டிக் குழாயில் கரைப்பானை ஊற்றினால் பிளாஸ்டிக்கின் சேர்மங்கள் கரைந்து வந்து விடையில் உட்காரும், கண்ணாடிதான் வேண்டும். ஒமேகா-3 காற்றுப் பட்டால் கெடும், சிறிது ஆக்சிஜனேற்றத் தடுப்பானும் உறைகுளிரும் வேண்டும். மைனஸ் 80 டிகிரிப் பெட்டிக்கு நாள் முழுவதும் மின்சாரம் வேண்டும். கட்டுரைகளில் ஒரு வரியாக வரும் இந்த ஏற்பாடுகள்தான் நம் ஊர் ஆய்வகங்களின் உண்மையான போராட்டம்.

லேப் ரிப்போர்ட்டில் அளக்காத எண்

ரத்தத்துக்கு வருவோம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து 'லிப்பிட் புரொஃபைல்' தாளை வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று: அதில் உள்ள எல்.டி.எல். பெரும்பாலும் அளந்த எண் அல்ல, கழித்து வந்த எண். மொத்தக் கொலஸ்ட்ரால் 210, எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைடு 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். 250ஐ 5ஆல் வகுத்தால் 50, தாளில் வி.எல்.டி.எல். என்று போடுவது இதைத்தான். 210இலிருந்து 38ஐயும் 50ஐயும் கழித்தால் 122, அதுதான் எல்.டி.எல்.

இந்தச் சூத்திரத்தை ஃப்ரைட்வால்ட், லெவி, ஃப்ரெட்ரிக்சன் மூவரும் 1972இல் வெளியிட்டார்கள். அதுவரை எல்.டி.எல்.லைப் பிரிக்க அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் என்னும் பெரிய சுழலி மணிக்கணக்கில் ஓட வேண்டியிருந்தது. 448 பேரின் ரத்தத்தில் சரிபார்த்த எளிய கணக்கு அந்தச் செலவை ஒழித்தது. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் செல்லாது என்று அவர்களே எழுதிவைத்தார்கள். இங்கேதான் நமக்குச் சிக்கல். தெற்காசியர் ரத்தத்தின் பொதுவான ஜாடை எச்.டி.எல். குறைவு, ட்ரைகிளிசரைடு தூக்கல். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுவதும் 1,13,043 பேரைப் பார்த்து 2023இல் வெளியிட்ட முடிவில், ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு கோளாறு உள்ளவர்கள் 81.2 சதவீதம். மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் பார்த்தால் 24 சதவீதம்தான். இடைவெளியில் இருப்பவர்கள் 'கொலஸ்ட்ரால் நார்மல்' என்று கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஐந்தால் வகுப்பது எல்லாருக்கும் பொருந்தாது என்பதை 2013இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை வைத்துக் காட்டினார்கள். ஆளுக்கு ஏற்றபடி வகுக்கும் எண் 3.1இலிருந்து 11.9 வரை மாறியது. அதற்கு 180 கட்டம் கொண்ட ஒரு அட்டவணையே போட்டார்கள். கணினி உள்ள எந்த லேபும் அதைச் செய்துவிடலாம், புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். இத்தனை மலிவான முன்னேற்றம் நம் சிறு நகர லேப்களுக்கு இன்னும் பரவலாக வந்து சேராதது ஏன் என்பது எனக்குப் புரியவில்லை.

விலை உயர்ந்த பக்கமும் இருக்கிறது. மெல்லிய ஊசி வழியே திரவத்தைச் சில ஆயிரம் வோல்ட்டில் தூறலாகத் தெளித்து, மூலக்கூறை உடைக்காமல் மின்னேற்றிப் பறக்கவிடும் எலக்ட்ரோஸ்பிரே முறைக்காக ஜான் ஃபென் 2002இல் நோபல் பெற்றார். அமெரிக்காவில் ஷியான்லின் ஹானும் ரிச்சர்ட் கிராஸும் 1990களில் அதை ரத்தக் கொழுப்புக்குக் கொண்டுவந்தார்கள். லிப்பிடோமிக்ஸ் துறை அங்கிருந்துதான் வளர்ந்தது. பழைய சோதனை கல்யாண மண்டபத்தில் தலை எண்ணியது என்றால், இது வந்தவர் ஒவ்வொருவரையும் எந்த வீட்டார் என்று கேட்கிறது. 'லிப்பிட் மேப்ஸ்' தரவகத்தில் இன்று 40,000க்கும் மேற்பட்ட கொழுப்பு அமைப்புகள் பதிவாகியுள்ளன. செராமைடு எனும் வகையின் சில விகிதங்கள், எல்.டி.எல். எச்சரிக்காத இதயச் சாவையும் முன்கூட்டிக் காட்டுகின்றன என்று ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2016இல் நிறுவிய பிறகு அது ஒரு மருத்துவச் சோதனையாகவே ஆகிவிட்டது.

ஒரே எடையுள்ள இரண்டு மூலக்கூறுகளை எப்படிப் பிரிப்பது? ஆளி விதையின் ஆல்ஃபா லினோலெனிக்கும் காமா லினோலெனிக்கும் ஒரே எடை, ஒரே எண்ணிக்கை இரட்டைப் பிணைப்பு. ஒன்று ஒமேகா-3, மற்றது ஒமேகா-6. ஆஸ்திரேலியாவின் ஸ்டீபன் பிளாங்க்ஸ்பி குழு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் ஓசோனை விட்டு, பிணைப்பு இருக்கும் இடத்திலேயே மூலக்கூறைத் துண்டாக்கிக் காட்டியது. வெட்டு விழுந்த இடம் தெரிந்தால் ஒமேகாவின் எண் தெரிந்துவிடும்.

இந்தக் கொண்டாட்டத்தின் நடுவே 2017இல் ஒரு பரீட்சை முடிவு வந்தது. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், ஒரே ரத்தப் பிளாஸ்மாவை 31 ஆய்வகங்களுக்கு அனுப்பி அளக்கச் சொன்னது. எல்லாருமாகச் சேர்த்துக் கண்டது 1,527 கொழுப்புகள். ஐந்து ஆய்வகங்களாவது அளந்து பொது மதிப்பு காண முடிந்தது 339க்கு. அந்தப் பிளாஸ்மா 100 பேரிடம் சேர்த்தது, அமெரிக்க மக்கள்தொகையின் இனவிகிதம் வரும்படி தேர்ந்தெடுத்த நூறு பேர். கீல் நகரத்துப் பசு, ஹாலிஃபாக்ஸ் காட், 448 அமெரிக்கரின் ரத்தம், அடுத்து இது.

நம் கோலை நாமே செய்துகொள்ள முடியாதா? சிங்கப்பூர் செய்திருக்கிறது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என 364 பேரின் ரத்தக் கொழுப்பு வகைகளையும் மரபணுவையும் சேர்த்து அளந்து 2017இல் அடிப்படை அளவுகளை வெளியிட்டார்கள். சிங்கப்பூர் இந்தியரில் பெரும்பான்மை தமிழர் என்பதால், தமிழ் ரத்தத்துக்கு அருகில் வரும் அளவுகோல் இப்போதைக்குக் கடல் கடந்துதான் இருக்கிறது. இந்தியாவில் சி.எஸ்.ஐ.ஆர். 2023 டிசம்பரில் 'ஃபீனோம் இந்தியா' என்ற பெயரில் 17 மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் மாதிரிகளைச் சேர்த்த திட்டத்தை அறிவித்தது. அவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், அவர்களது துணைவர்கள். நல்ல தொடக்கம், ஆனால் முதுநகர் மீனவப் பெண்ணும் பண்ருட்டி முந்திரிக்காட்டுக் கூலியாளும் அதில் இல்லை.

கடலூர் மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. விருத்தாசலத்தில் எண்ணெய் வித்து, பரங்கிப்பேட்டையில் கடல், சிதம்பரத்தில் 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும். மூன்றும் ஒரே மாவட்டத்துக்குள். கடலெண்ணெய், மத்தி, அதைத் தின்னும் மனிதரின் ரத்தம் மூன்றையும் ஒரே ஆய்வில் தொடர்ந்து பார்க்க இதைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அதற்குக் கோடிகளில் கருவி வேண்டும் என்பதைவிட, பத்து வருடம் மாதிரிகளைக் கெடாமல் வைத்துக் காக்கும் ஆளும் மின்சாரமும் வேண்டும்.

அதுவரை கையில் இருக்கும் தாளையே கூர்ந்து பார்க்கலாம். ட்ரைகிளிசரைடு 400க்கு மேல் இருந்தும் எல்.டி.எல். எண் அச்சாகியிருந்தால், அது கணக்கிட்டதா நேரடியாக அளந்ததா என்று லேபில் கேளுங்கள். எண்ணெய் தெளிவாக இருக்கிறதா என்று கடையில் கேட்பதில்லையா, அதற்குள்ள உரிமைதான். மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் அது 172. இந்தக் கழித்தலில் ஐந்தால் வகுக்கும் ஊகம் எதுவும் இல்லை, சாப்பிட்டுவிட்டுக் கொடுத்த ரத்தத்திலும் செல்லும். பல மருத்துவர்கள் எல்.டி.எல்.லுக்கு இணையாக இதைப் பார்க்கிறார்கள். இலக்கு பொதுவாக எல்.டி.எல். இலக்கைவிட 30 கூட. அந்த உதாரணத் தாளுக்கு உரியவருக்கு எல்.டி.எல். 100க்குக் கீழே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், இந்த எண் 130க்குக் கீழே வர வேண்டும். எல்.டி.எல்.லில் 22 தாண்டியதாகத் தெரிந்தவருக்கு இங்கே 42 தாண்டியிருக்கிறது.